கூலிக்கு எண்ணெய் எடுக்க வந்தவர்கள்

வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்திருந்த காலம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. வயலில் களையாக முளைக்கும் கோரையின் கிழங்கிலிருந்து வாசனை எண்ணெய் எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்களை அது கொல்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

கொன்றது. ஆனால் பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல செல்களையும் அதே அளவு எண்ணெய் கொன்றது. அதாவது அந்த அளவில் அது விஷம்தான். இதை என் பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன். மனுஷன் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் வந்தபோது, "நம்ம கோரைக்கிழங்கு கேன்சரைக் கொல்லுது" என்று சிரித்துக்கொண்டே பேட்டி கொடுத்தார். நல்ல செல்லைப் பற்றி மூச்சே விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சொன்னா ஜனங்களுக்குக் குழம்பும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாளில் குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஆய்வகத்தைத் தேடி வந்தார்கள். அந்த அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். முடியெல்லாம் கொட்டி, முக்காடு போட்டிருந்தார். கணவர் தோளில் ஒரு மூட்டை. மில்லுக்கு நெல் கொண்டுபோகிற மாதிரி, கோரைக்கிழங்கை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கூலி என்னன்னு சொல்லுங்கம்மா, குடுத்துடறேன். எங்க கெழங்குல எடுத்த எண்ணெய எங்களுக்கே குடுத்துடுங்க. மத்தவங்களோடத கலந்துடாதீங்க" என்றார்.

குத்தகைத் தகராறு கோர்ட்டில் கிடக்கிறதாம். நடவு நட விடாமல் வயல் தரிசாகிக் கோரை மண்டிவிட்டதாம். "நெல்லு போட வுடல. கோரையாச்சும் இவளுக்கு ஆவட்டும்" என்றார். அடுத்து இன்னொன்றும் சொன்னார். டிவியைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டிருந்த ஊசியை இவர்களாகவே நிறுத்திவிட்டார்களாம்.

அப்போது பேராசிரியர் உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தால், மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போங்க, பாக்கலாம்" என்கிறார்!

அன்று சோதித்து முடித்திருந்த இரண்டு தட்டுகளையும் எடுத்துவந்து அந்த அக்கா முன்னால் வைத்தேன்.

"ஒரு சாயம் விட்டா உயிரோட இருக்கற செல்லு ஊதாவா மாறும்க்கா, செத்தது மாறாது. இது கேன்சர் செல்லு, இது நல்ல செல்லு. ரெண்டுலயும் எண்ணெய் விட்டிருக்கோம், நீங்களே பாருங்க."

இரண்டு தட்டிலும், ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் விடாமல் வைத்திருந்த ஓரத்துக் குழிகள் மட்டும்தான் ஊதாவாக இருந்தன. அக்கா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டும் செத்துல்ல கெடக்கு" என்றவர், பேராசிரியர் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டாவது தட்ட ஏன் சார் டிவில காட்டல?"

அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மணியே அடிக்கவில்லை.

அப்போதே ஆட்டோ பிடித்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியில் கணவர், "அப்ப அவரு சொன்னது பொய்யாம்மா?" என்று கேட்டார். "பொய் இல்லண்ணே, பாதி" என்றேன். அதைச் சொல்லவே வாய் கூசியது. கட்டி பெரிதாகியிருந்தது. டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு ஊசியை மறுபடி ஆரம்பித்தார். அடுத்த பொங்கலுக்கு அந்த அக்கா இல்லை. நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

என் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடாமல் பேராசிரியர் இழுத்தடித்தார், அது போகட்டும். இப்போது என்னிடமும் மாணவர்கள் இருக்கிறார்கள், மைக்கை நீட்டிக்கொண்டும் ஆட்கள் வருகிறார்கள். அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், ஆறிப்போனால் நானும் ஒருநாள் பாதியை மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன்.