முத்தையா அண்ணனின் கை நடுங்கிய காரணம்

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்தது. பக்கத்து லயத்து வீட்டுக்காரன் பேசினான். "நம்ம முத்தையாண்ணே குடிச்சே போயிட்டாருங்க." செத்தவரைக் குளிப்பாட்டும் முன்பே பொய் சொல்ல ஒரு வாய் வேண்டும். எங்கள் தோட்டத்தில் அது எல்லாருக்கும் உண்டு.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயதான பிறகு எழுத்துப் பழகியவன், மெதுவாகத்தான் வரும். வந்த வரியை இரண்டு தடவை வாசித்துச் சந்தோஷப்படுகிறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் கை நடுங்கும். குடித்தவன் நான். ஒரு மடக்குச் சாராயம் போனால் என் கை நின்றுவிடும். அதைப் பார்த்த தோட்டத்து அறிவாளிகள், நடுக்கம் என்றாலே குடிகாரன்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். சாராயத்தைத் தொடாத அண்ணன் அவர்கள் கணக்கில் ஒளித்துக் குடிப்பவர் ஆனார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஐயாவும், "மொதல்ல குடிய விடுங்க" என்று அண்ணனை வெறுங்கையோடு அனுப்பினார்.

ஒரு கல்யாண வீட்டில் அண்ணனைச் சோதித்தே பார்த்தார்கள். வற்புறுத்தியதால் ஒரு வாய் குடித்தார். கை நிற்கவில்லை.

"இன்னும் பத்தல" என்றார்கள்.

அண்ணன் கிளாசைத் திருப்பிக் கொடுத்தார். "ஒருத்தனுக்கு வயித்து வலின்னா ஊருக்கே வெளக்கெண்ண குடுப்பீங்க."

பிறகு கண்டியில் ஒரு டாக்டரம்மா எங்களைக் கதிரையில் உட்கார வைத்துப் பார்த்தார். அண்ணனின் கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கியது. என் கை கோப்பையைத் தூக்கும்போது நடுங்கியது. சந்தேகம் தீர, ஊசி போட்டு மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேனுக்குக் கொழும்புக்கு அனுப்பினார். என் படத்தில் இரண்டு கால்புள்ளிகள் ஒளிர்ந்தன. அண்ணனுடையதில் வால் தேய்ந்து வெறும் புள்ளிகள்.

"படத்துல வால் தேஞ்சா பார்கின்சன் நோய், இவருக்கு அதுதான். உங்களுக்கு அது இல்ல, வேற நடுக்கம். குடிச்சதால இவருக்கு இப்படி வரல்ல" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒன் மண்டையில ஒண்ணுமில்லன்னு சொல்ல இவ்வளவு பெரிய மெசினா?"

மாத்திரை தொடங்கியபின் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். முன்பே கிடைத்திருந்தால், அத்தனை காலம் அண்ணி ஊட்டிச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

கருமாதிக்கு மருந்து ஐயாவும் வந்தார். "குடிய விட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாரு" என்றார். அண்ணி தலை குனிந்தார். நான் அலுமாரியிலிருந்த அண்ணனின் ஸ்கேன் படத்தை எடுத்து ஐயாவிடம் நீட்டினேன்.

"இதுல என்னா தெரியுது?" என்று கேட்டார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரியுதுங்க" என்றேன்.

அண்ணி நிமிர்ந்தார்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நாக்கைத்தான். அவருக்குப் பேச மட்டுமே வந்தது. எனக்கு எழுதவும் வருகிறது. தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளட்டும்.