அந்தக் குரலில் இருந்த இருமல்

முதலில் இருமல் வந்தபோது தேயிலைத் தூசு என்று நினைத்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே இருமாதவர் யார்? ஐந்தாவது வாரம் சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. பின்னேரங்களில் உடம்பு லேசாகச் சுட்டது. மழையில் நனைந்ததால் என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

சளிப் பரிசோதனையில் (சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் கிருமியைத் தேடுவது) காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் குளிசை (மாத்திரை) எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு தாதி குளிசைப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு நீண்ட நேரம் விளக்கினார். என் பின்னால் வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இருவர் நின்றார்கள். நோயின் பெயர் அவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்ற கூச்சத்தில், “சரிங்க மிஸ், சரிங்க மிஸ்” என்று தலையாட்டிவிட்டு நழுவி வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. எனக்குத் தேவையானது அந்தப் பாதியில்தான் இருந்தது.

அன்று பின்னேரம் என் மனைவி சரசு கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்ததும் கைபேசியை நீட்டினாள்.

“எங்க குரூப்புல ஒரு வாய்ஸ் வந்திருக்குங்க. ஒங்க சீக்கப் பத்தித்தான் பேசுது. கேளுங்க.”

ஒரு பெண்ணின் குரல். எங்கள் பேச்சு, எங்கள் இழுவை. “அக்கா, அந்த செவப்புக் குளுசைய மட்டும் போடாத. அது ரத்தத்தக் கரைக்குது. மொதல்ல ஒண்ணுக்கு செவப்பாப் போவும். அப்பறம் வேர்வ. அப்பறம் கண்ணீரு. எனக்கு அப்புடித்தான் ஆச்சு. நிறுத்துனேன், நின்னு போச்சு.”

முதல் குளிசை போட்ட மறுநாள் காலை என் சிறுநீர் சிவந்திருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளைப் பனியனின் கக்கத்தில் செம்மஞ்சள் வளையம். ஆறாம் நாள் சரசு தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். உறையில் இரண்டு கறைகள், இரண்டு கண்கள் இருந்த இடத்தில்.

“தூக்கத்துல அழுதீங்களா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாத ஒருத்தி என் உடம்புக்குள் நடக்கப்போவதை ஒழுங்கு தவறாமல் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவள் வேறு எதைச் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இருந்தேன்.

இதற்கு என் தொழிலும் ஒரு காரணம். ரோலரில் அரைபட்ட பச்சைக் கொழுந்தைப் பரப்பி வைத்து, அது செம்பு நிறமாகும் நேரம் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. முந்தினால் தேநீர் கசக்கும். பிந்தினால் செத்த இலை. கடிகாரத்தைவிட என் கண்ணைத்தான் டீமேக்கர் ஐயா நம்புவார். சிவப்பு ஏறுகிறதென்றால் உள்ளே உயிர் இறங்குகிறது. இருபத்திரண்டு வருடம் என் கண் படித்த பாடம் அது. அதே கண்ணால்தான் என் சிறுநீரையும் பார்த்தேன். நிறத்தைப் பற்றி இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருந்தாலும் பயத்தோடே ஏழு வாரம் விழுங்கினேன். இருமல் குறைந்தது, சோறு இறங்கியது. அதைக் குளிசையின் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சரசு வைத்த முருங்கைக்கீரைச் சாறு என்றேன். எட்டாவது வாரம் நிறுத்தினேன். என் வேலை நேரத்துக்காகத் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு வாரக் குளிசைகளை மொத்தமாகத் தருவார்கள். அதிகம் பேசாதவனை யாரும் சந்தேகிப்பதில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடியின் அடியில் அவற்றைப் புதைத்தேன். மழை பெய்தபோது அந்தச் செடியின் வேரிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்து வடிகானில் இறங்கியது. நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

இரண்டே நாளில் சிறுநீர் தெளிந்தது. அவள் சொன்னது போலவே.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். வாயால் நாலு பேர் முன்னால் பேசக் கூசுபவன், அந்தக் குரலை விரலால் தொழிற்சாலைக் குழுவுக்கு அனுப்பினேன். ரோலர் ஓட்டும் செல்வத்திடமிருந்து உடனே பதில் வந்தது: “நல்ல வேள அண்ணே. எங்கம்மாவும் அதத்தான் போடுறாங்க. நிறுத்தச் சொல்லிட்டேன்.” எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இருமல் திரும்பி வந்தபோது அது வேறு இருமல். ஒரு காலை, கைக்குட்டையில் நுரையோடு இரத்தம். சிறுநீரில் பார்த்த செம்மஞ்சளுக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அன்றுதான் இரண்டும் வேறென்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் என் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

“குளிசையை விட்டுட்டீங்கள் என்ன? உண்மையைச் சொல்லுங்கோ, நான் பேசமாட்டன்.”

“ரத்தம் போச்சுங்கம்மா.”

“அது ரத்தமில்லை, ஐயா. குளிசையின்ர நிறம். ரிபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் சிவப்பு மருந்து) உடம்புக்குள்ள போனால் சிறுநீர், வேர்வை, கண்ணீர் எல்லாம் நிறம் மாறும். ஒண்டும் செய்யாது. சிவந்தால்தான் மருந்து போயிருக்கெண்டு எங்களுக்கே தெரியும்.”

தலையாட்டினேன். நம்பவில்லை. பழைய குளிசையின் விஷம்தான் இப்போது இரத்தமாக வருகிறது என்று எனக்குள் ஒரு புதுக் காரணம் முளைத்திருந்தது. கையில் இரத்தம் இருக்கும்போதும் மனம் தன் பழைய பேச்சை விடவில்லை. இதே குளிசையை எடுப்பவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

என்னை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் அறையில் இரண்டே கட்டில். பக்கத்துக் கட்டிலில் முத்தையா அண்ணன், லிந்துலைப் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும். அவருக்கும் அதே நோய். தாதி கொடுத்த சிவப்புக் குளிசையோடு அவர் தண்ணீர்க் கோப்பையை எடுத்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. தாதி நகர்ந்ததும் கைபேசியை அவர் பக்கம் நீட்டினேன்.

“அண்ணே, முழுங்காதீங்க. இதக் கேளுங்க.”

“அக்கா, அந்த செவப்புக் குளுசைய...”

அவர் கை அந்தரத்தில் நின்றது. கோப்பையிலிருந்து தண்ணீர் போர்வையில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

“இது யாரு தம்பி ஒங்களுக்கு அனுப்புனது?”

“குரூப்புல வந்துச்சுங்கண்ணே.”

“இது ஏம் பொஞ்சாதி.”

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“அவ அக்காவுக்குத்தான் பேசி அனுப்புனா. பாசத்துல பேசுனா. செவப்பு நின்னுருச்சுன்னு அன்னிக்கி பாயாசம் வச்சா. நாலு மாசத்துல போய்ட்டா. அவகிட்டருந்துதான் எனக்கும் ஒட்டிக்கிச்சு.” பிறகு மெதுவாக, “இன்னொருக்காப் போடுங்க” என்றார்.

போட்டேன். பேச்சு முடிந்தபின் அவர் விரலைத் தூக்கினார். “அணைச்சிராதீங்க. கடைசியக் கேளுங்க.”

‘நின்னு போச்சு’ என்பதற்குப் பிறகு கைபேசியை வாயிலிருந்து விலக்கும் சத்தம். அதற்கும் பின்னால், தூரத்தில், நீண்ட இருமல். அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். என்னுடையதைப் போலவே.

எத்தனை முறை கேட்டிருப்பேன். அந்த இருமல் அன்றுவரை என் காதில் விழவில்லை. எனக்கு வேண்டியது முடிந்ததும் நான் கேட்பதை நிறுத்தியிருக்கிறேன்.

இறந்து போன ஒருத்தி மலைக்கு மலை, லயத்துக்கு லயம் போய், குளிசையை நிறுத்து என்று அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அவளைக் கைபிடித்து ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய் விட்டிருந்தேன். செல்வத்தின் அம்மா குளிசையை விட்டு அன்றோடு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். உடனே அவனை அழைத்தேன்.

செல்வம் போனை எடுக்கவில்லை. “நீங்களும் பேசி அனுப்புங்க” என்றார் முத்தையா அண்ணன்.

“எனக்குப் பேச வராதுங்க.”

“அவ மட்டும் என்ன மேடையிலயா பேசுனா? அடுப்படில குந்திக்கிட்டுப் பேசுனவதான். பேசுங்க தம்பி.”

நாலைந்து முறை அழித்துவிட்டுப் பேசினேன். என் பெயரைச் சொன்னேன், நோயின் பெயரையும் சொன்னேன். “நான் அனுப்புன வாய்ஸ் பொய்யி. பேசுன அம்மா செத்துட்டாங்க. செவப்பு ரத்தமில்ல, மருந்து. நிறுத்தாதீங்க.” நடுவில் இருமல் வந்தது. அதை அழித்துவிட்டு மீண்டும் பேச எனக்குத் தெம்பில்லை. அப்படியே அனுப்பினேன்.

குழுவில் ஒருவன், “ஊமச்சாமி வாயத் தொறந்துட்டாருடா” என்று எழுதினான். மறுநாள் செல்வம் கூப்பிட்டான். “என்னண்ணே, அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க?” கோபமாகத்தான் கேட்டான். “ஒங்க இருமலக் கேட்டு அம்மா பயந்து, தானே டாக்டர்கிட்டப் போறேங்குது.” செல்வத்தின் அம்மா மூன்று வாரம் குளிசையை விட்டிருந்தார். மீண்டும் தொடங்கினார். இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நடக்கிறார், அது போதும்.

எனக்கு மருந்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு காலையும் சிவப்பைப் பார்த்த பிறகுதான் என் நாள் தொடங்கியது. குளிசை முடிந்து சிறுநீர் தெளிந்த காலை, கூடவே வந்த யாரோ சொல்லாமல் போய்விட்டது போல் இருந்தது. சரசு அந்தத் தலையணை உறையை இன்னும் எறியவில்லை. எத்தனை துவைத்தும் அந்த இரண்டு கறைகளும் இருக்கின்றன.

முத்தையா அண்ணனிடம் இருப்பது பட்டன் போன். அதில் வாய்ஸ் கேட்க முடியாது. மாதம் ஒருமுறை என்னை அழைப்பார். சரசுவின் கைபேசியில் அவர் மனைவியின் குரலைப் போட்டு, என் போனுக்குப் பக்கத்தில் பிடிப்பேன். இருமல்வரை கேட்பார். பிறகு, “சாப்டீங்களா தம்பி?” என்பார். அந்தக் குரலை நான் அழிக்கவில்லை. அதன் பிறகு யாருக்கும் அனுப்பவும் இல்லை.

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் யாரோ ஒரு பெண், மடியில் மருந்து எழுதும் ஆஸ்பத்திரிக் கொப்பி. கைபேசியைக் காதோடு வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். வளைவொன்றில் பஸ் மெதுவானபோது அந்தக் குரல் என் வரைக்கும் கேட்டது. “செவப்பு ரத்தமில்ல, மருந்து.” நான்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது.

என் நெஞ்சு இப்போது சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏற்றத்தில் நடந்தால்கூட மூச்சு வாங்குவதில்லை. ஆனால் அந்தக் கைபேசிக்குள் நான் இன்னும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

முன் இருக்கையில் நான் இருமினேன். பின் இருக்கையில் என் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது.