வீட்டுக்குள் செருப்பு

"கண்ண மூடிக்குங்க அண்ணே. நான் தொடுறப்பல்லாம் 'ம்'னு சொன்னா போதும்," என்றாள் மிஸ்ஸி. எங்கள் பக்கத்தில் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

என் கணவர் கிளினிக் கட்டிலில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று இருந்தது. அதன் நுனியைப் பெருவிரலில் வைத்து, நரம்பு வளையும் வரை அழுத்தினாள். பிறகு அடுத்த விரல், பாதத்தின் மேடு, குதிகால். இடது கால் முடிந்து வலது காலுக்குப் போனாள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசையவே இல்லை. எல்லாம் முடிந்து அவள் நரம்பைப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எப்பம்மா ஆரம்பிக்கப் போற?"

மிஸ்ஸி என்னைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

இனிப்புநீர் வியாதி அவருக்குப் புதிதல்ல. மாத்திரை போடுவார், மறப்பார், திட்டு வாங்குவார், மறுபடி போடுவார். அது ஏதோ இரத்தத்தில் இருக்கிற சங்கதி என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். காலுக்கு இறங்கி வந்து உணர்வைத் தின்றுவிடும் என்று யார் நினைத்தார்கள்? டாக்டர் நீட்டி முழக்கவில்லை. கால் மரத்திருக்கிறது, ஏதாவது குத்தினால் தெரியாது, தெரியாத புண் சீழ் பிடித்தால் விரலில் தொடங்கிக் கணுக்கால் வரை எடுக்க வேண்டி வரலாம் என்றார். தினமும் யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும் என்றார்.

முதல் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவதுதான் எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

தெப்ராவில் எங்களுடையது வரிசை வீடு. கதவைத் திறந்தால் கூடம். கூடத்துச் சுவரில் சாமி மேடை. அதைத் தாண்டித்தான் சமையலறை, குளியலறை, மாடிப்படி எல்லாம். வீட்டுக்குள் எங்கே போனாலும் சாமிக்கு முன்னால் நடந்துதான் போக வேண்டும். செருப்பெல்லாம் வெளி கேட்டுக்குள் வரும், கதவுக்குள் வராது. குழாய் பழுதுபார்க்க வரும் சீனர்கூட நாங்கள் சொல்லாமலே கழற்றிவிட்டுத்தான் நுழைவார். அப்படி இருக்க, வீட்டுக்காரர் செருப்புக் காலோடு சாமிக்கு முன்னால் நடப்பதா?

"முடியாது லா," என்றார் அவர். "வேற எதுனா சொல்லச் சொல்லு."

அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சரக்குக் கிடங்கில் வேலை. காலையிலிருந்து இரும்பு வைத்த சேஃப்டி பூட்ஸ். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிவிட்டுச் சில்லென்ற டைல்ஸில் காலை வைக்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் அவர் நாள் முழுக்க நிற்கிறார். பண்டார் தெங்காரா பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவர். "என் கால்ல முள்ளு குத்துனா முள்ளுதான் ஒடியும்," என்று பெருமை வேறு.

"அந்தக் காலு இப்ப இல்லங்க," என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

அவர் கிடங்கில் இதே வியாதியுள்ள ஒருவருக்கு முதலில் சுண்டுவிரல் போயிற்று. பிறகு பாதம் போயிற்று. பிறகு வேலையும் போயிற்று. இப்போது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பார்க்கப் போனபோது என் கணவர் அவர் முகத்தைப் பார்த்தே பேசினார், ஒரு தடவைகூடக் கண்ணைக் கீழே இறக்கவில்லை. நான் கீழே மட்டும்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தரை பைத்தியம் பிடித்தது. ஸ்டேப்ளர் ஊசி, உடைந்த வளையல் துண்டு, நெத்திலி முள், காலண்டரிலிருந்து விழுந்த ஆணி: எங்கள் வீட்டுத் தரையில் இவ்வளவு ஆயுதங்கள் கிடப்பது எனக்கு அதுவரை தெரியாது. பெருக்குவேன், மாப்பு போடுவேன், பிறகு குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகத் தரையைப் பார்ப்பேன். என் வேலையும் அதுதானே. பேக்டரியில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளை வைத்துப் பழுது தேடுவது என் பிழைப்பு. மயிரிழை விரிசலைக்கூட விட மாட்டேன் என்று லீடர் சொல்லுவாள். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வேலை முடிந்து அவர் குளித்து வந்ததும், விளக்கேற்றுவதற்கு முன், "கால காட்டுங்க," என்பேன். சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டுவார். நான் தரையில் உட்கார்ந்து, அவர் குதிகாலை என் மடியில் வைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பேன்.

"பாதபூஜை நடக்குது, பூ எங்க?" என்பார்.

"சும்மா இருங்க."

"வரம் எதுனா வேணுமா?"

"செருப்பு போடுங்க, அதான் வரம்."

சிரிப்பார். போட மாட்டார். அந்த வெளிச்சத்தில் அவர் பாதங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவை அவருடையவையாகவே தெரியாமல் போயின. யாரோ என்னிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்கள் போல இருந்தன. தொலைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டையும் கையில் எடுத்தேன். அவருக்குத் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். அதைக் குடிக்கும்போது அவர் முகம் போகிற கோலத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இனிப்பு டின் பாலை அவர் கண்ணில் படாமல் அலமாரிக்குப் பின்னால் வைத்து, என் தேநீரில் ஊற்றி நானே தீர்த்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் இருவருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். சாமி பிரசாதத்தைக் குப்பையில் போட முடியுமா? அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். கல்யாண வீட்டு கேசரி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கொடுக்கும் குவே பலகாரம், தீபாவளிக்கு வந்த பால்கோவா எல்லாம் அப்படித்தான். அவர் கை நீளும் முன் என் வாய்க்குள் போய்விடும். "எனக்காக எவ்வளவு கஷ்டப்படுற நீ," என்று கேலி செய்வார். ஒரு வகையில் அது உண்மை என்றே நினைத்திருந்தேன்.

களைப்பாகத்தான் இருந்தது. ஷிப்டு முழுக்க நின்று நின்று என் காலும் இரவில் எரியும், காலையில் கட்டையாக இருக்கும். மருந்தெண்ணெய் தேய்த்துக்கொள்வேன். நிற்கிற வேலை செய்கிறவளுக்குக் கால் மரத்துப்போகாமல் வேறென்ன ஆகும்?

பொந்தியானில் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் திருவிழா வந்தது. நான் அன்னதானப் பந்தலில் சோறு பரிமாறினேன். அவர் ரதத்தோடு நடந்தார். உச்சி வெயில். தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள், ஊற்றிய இடம் மறுநிமிடம் காய்ந்தது. ரதத்தின் பின்னால் போன ஆண்கள் எல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். என் கணவர் மட்டும் கைகூப்பிக்கொண்டு நேராக, நிதானமாக நடந்து வந்தார்.

"அண்ணனப் பாருங்க அண்ணி. என்னா பக்தி!" என்றாள் நாத்தனார்.

எனக்கும் பெருமையாக இருந்தது. கண்கூட நிறைந்தது. கரண்டியைப் பிடித்தபடி கும்பிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி, "கால காட்டுங்க," என்றேன். காட்டினார். இரண்டு பாதங்களிலும் தோல் நீர்கோத்து ஊதியிருந்தது. ஒரு கொப்புளம் உடைந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தது. அந்தக் காலோடு காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியெல்லாம் பழைய பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறார்.

"என்னா? என்னா இருக்கு?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, காலை மடக்கித் தானே பார்த்தார்.

"அலமாக்," என்றார் மெதுவாக. பிறகு, "சாமி அருள்னுல்ல நெனச்சேன்," என்றார்.

அவர் அழுது நான் பார்த்தது குறைவு. அன்று அழுதார். வலித்ததால் அல்ல, வலிக்காததால்.

அந்தப் புண் ஆறும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கட்டு மாற்ற கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் மிஸ்ஸி முகத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பேன். அவள் முகம் சுளித்தால் கால் போய்விட்டது என்று நினைப்பேன். சுளிக்காவிட்டால் மறைக்கிறாள் என்று நினைப்பேன். கட்டிலிருந்து வாடை வருகிறதா என்று அவர் தூங்கும்போது முகர்ந்து பார்ப்பேன். பேக்டரியில் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் இடத்தில் இவர் தெரிவார். ஒரு நாள் நல்ல போர்டுகளையெல்லாம் பழுது என்று ஒதுக்கிவிட்டேன். லீடர் திட்டினாள்.

நல்ல வேளை, ஆறிவிட்டது. மெல்லிய புதுத் தோல் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மிருதுவான செருப்பு ஒரு ஜோடி வாங்கினோம். வாங்கி வந்து முதலில் சாமிக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று, "வேற வழி இல்ல, கோச்சுக்காத," என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினார். மேடைக்கு முன்னால் மட்டும் ஒரு பாய் விரித்தேன். அதன் ஓரத்தில் கழற்றிவிட்டு, பாயில் நின்று கும்பிட்டு, மறுபடி மாட்டிக்கொள்வார். டைல்ஸில் அந்தச் செருப்பின் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. சத்தம் கேட்கிறதென்றால் கால் பத்திரம்.

நான் எப்போதும் போல வெறுங்காலோடுதான் நடந்தேன். டாக்டர் சொன்னது அவருக்குத்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து குளித்து, வாசல் குழாயடியில் தேங்காய் உடைத்தேன். சரியாக உடையவில்லை, சிரட்டை சிதறியது. கூட்டி அள்ளிவிட்டு உள்ளே வந்து, மேடையில் தேங்காயை வைத்து விளக்கேற்றி, பூவை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் குங்குமம் சிந்தியது போல ஒரு பொட்டு. தள்ளி இன்னொன்று. குனிந்து விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது.

பூத்தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால காட்டுங்க! காட்டுங்கன்னு சொல்றேன்ல!"

"என்னா, என்னாச்சு?"

செருப்பைப் பிடுங்கி எறிந்தேன். வலது பாதம், இடது பாதம், விரலிடுக்கு, குதிகால். ஒன்றுமில்லை. செருப்பைப் புரட்டினேன். அதிலும் ஒன்றுமில்லை. மறுபடி வலது காலைப் பிடித்தேன். எனக்குத் தெரியாமல் எங்கோ புண் இருக்கிறது, என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றே நினைத்தேன்.

"எங்கங்க இரத்தம் வருது? சொல்லுங்க!"

அவர் குனிந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து சோபாவுக்கு, என் முழங்கால் வரைக்கும் பொட்டுகள் வந்திருந்தன.

"நான் வந்ததுலேர்ந்து இங்கதானே உக்காந்திருக்கேன்," என்றார். பிறகு குரலை இறக்கி, "கால காட்டு," என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் என்னைத் தூக்கி சோபாவில் உட்காரவைத்துவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார். என் காலைப் பிடித்தார்.

"ஐயோ, விடுங்க. நீங்க போயி என் காலத் தொடலாமா?" என்று இழுத்துக்கொண்டேன்.

"சும்மா இரு."

குதிகாலைத் தன் மடியில் வைத்து, கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தார். முகம் மாறியது.

"செரட்டச் சில்லு. ஆழமா ஏறியிருக்கு."

முள், ஊசி என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து பயம். "இருங்க, இருங்க. சொல்லிட்டு எடுங்க. பட்டுனு இழுத்துடாதீங்க," என்று சொல்லிக் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். சோபாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அசைவதாகவே தெரியவில்லை.

"எப்ப எடுக்கப் போறீங்க?" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவருடைய உள்ளங்கையில் சிரட்டைச் சில்லு இருந்தது, நுனியில் இரத்தத்தோடு. அவர் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிளினிக்கில் நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது போல, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.