முன்வரிசையில் ஒரு குறட்டை

எங்கள் ஊர்ப் பீப்பாய்த் தச்சன் ஜெடிதியா குரோவலிடம் ஒரே ஒரு குறைதான். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்துவிடுவான். அது தெரியாமல் ஊர்க்கூட்டம் அவனை ஆராதனைக் காவலனாக நியமித்தது.

மாசசூசெட்ஸ் குளிரில் கணப்பில்லாத ஜெபவீடு எங்களுடையது. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினால் மணற்கடிகாரத்தை இரண்டு தடவையாவது திருப்பிப்போடாமல் ஓயமாட்டார். காவலன் கையில் நீண்ட கோல் இருக்கும். தூங்கும் ஆண்கள் மண்டைக்கு ஒரு முனையில் மரக்குமிழ். பெண்கள் கன்னத்துக்கு மறுமுனையில் நரிவால். முன்பிருந்த காவலர்களெல்லாம் கடைசி வரிசை மீனவர்களையும் கூலியாட்களையும் தட்டிவிட்டு அதோடு நின்றுகொள்வார்கள்.

ஜெடிதியா நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாக முன்னேறினான். நடுவில் என் தலையிலும் ஒன்று விழுந்தது. முதல் வரிசையில் மரஆலை முதலாளி, சபைப் பெரியவரான டீக்கன் நெகேமியா பிராட், போதகருக்குப் போட்டியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குமிழ் இறங்கியது.

"அடியே, பன்னி தோட்டத்துல பூந்துடுச்சு, விரட்டுடி!" என்று அலறிக்கொண்டு எழுந்தார் டீக்கன்.

அன்று வீட்டில் ஜெடிதியாவை மனைவி தேங்க்ஃபுல் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, மத்த காவல்காரங்களுக்கெல்லாம் முன்வரிசை வந்ததும் கண்ணு மங்கிடும். உங்களுக்கு மட்டும் ஏன் பளிச்சுனு தெரியுது?"

"குறட்டை விட்டாருடி."

"மரம் அவர்கிட்டதான வாங்கணும்? இனிமே குறட்டையிலயே பீப்பாய் செய்ங்க."

டீக்கன் மண்டையில் தட்டியதற்காக ஜெடிதியாமேல் விசாரணை நடந்தது. நியாயாதிபதி டீக்கனுக்குச் சம்பந்தி.

"நான் எங்கய்யா தூங்கினேன்? கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்" என்றார் டீக்கன்.

"அப்போ அந்தப் பன்னி?" என்று கேட்டான் ஜெடிதியா.

"பிசாசு பன்னி உருவத்துல வந்துச்சு. ஆண்டவர் பேரச் சொல்லி விரட்டினேன்."

நியாயாதிபதி பயபக்தியோடு தலையசைத்தார். கடைசி வரிசை மீனவன் டோபியாஸ் எழுந்தான். "ஐயா, போன வாரம் நானும் ஜெபம்தான் பண்ணேன். எனக்கு வந்த பிசாசு மீனு உருவத்துல இருந்துச்சு. அதுக்குள்ள மண்டையில போட்டுட்டாங்க."

ஊரே சிரித்தது. டோபியாஸைக் கால்களைப் பூட்டிவைக்கும் தொழுமரத்தில் மாட்டினார்கள். தீர்ப்பும் வந்தது: முதல் மூன்று வரிசைகளில் கண் மூடினால் ஜெபம், அதற்குப் பின்னால் மூடினால் தூக்கம்.

ஜெடிதியா கோலை மேசைமேல் வைத்தான். "ஐயா, ஜெபம் எந்த பெஞ்சுல முடிஞ்சு தூக்கம் எந்த பெஞ்சுல ஆரம்பிக்குதுன்னு பாக்குற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. வேற ஆளப் பாருங்க."

அதன்பிறகு ஆலையிலிருந்து அவனுக்கு ஒரு பலகைகூட வரவில்லை. பனி உருகியதும் குடும்பத்தோடு ரோட் தீவுக்குப் போய்விட்டான். மதம் கெட்டவர்கள் கூடும் இடம் என்று எங்கள் போதகர் சபிக்கும் ஊர் அது.

அவன் போனபின் எங்கள் ஊர்ப் பீப்பாய்களெல்லாம் ஒழுக ஆரம்பித்தன. நல்லதாக நாலு வாங்கலாமென்று நானே படகேறிப் போனேன். ஜெடிதியா ஒரு பீப்பாய்க்கு இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"இங்க ஆராதனையில யாரும் தூங்குறதில்லையா?" என்று கேட்டேன்.

தேங்க்ஃபுல் வாசலிலிருந்து சிரித்தாள். "எங்கண்ணே தூங்குறது? போதகர் வாயத் தொறந்தாலே பத்து பேரு எழுந்து சண்டைக்கு நிக்கிறாங்க. போன வாரம் மேசைமேல ஏறிக் கத்தினது யாருன்னு இவரையே கேளுங்க."

ஜெடிதியா காதில் விழாதவன்போல வளையத்தைப் பலமாக அடித்தான்.