நகம் இறங்கிய ரப்பர்

என் மேசை மேல் தலை பறந்த போல்ட் ஒன்று கிடக்கிறது. வருகிறவர்கள் தாள் பறக்காமலிருக்க வைத்த இரும்பு என்று நினைக்கிறார்கள். என் மேதாவித்தனத்துக்குக் கிடைத்த பதக்கம் அது.

ராஜபாளையத்தில் எங்கள் பட்டறை மில்களுக்கான ரப்பர் கட்டைகளைச் செய்துவந்தது. தறிக்கு அடியில் வைப்பது. தறி இம்மியும் நகரக்கூடாது. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்போம், நகம் இறங்கினால் சரக்கைக் கழித்துவிடுவோம். போர்க்கப்பலுக்குக் கட்டை செய்யும் வாய்ப்பு வந்ததும், கப்பலாயிற்றே என்று நான் இன்னும் கெட்டியாக அளவு போட்டேன். கலவை இயந்திரத்தில் நின்ற அக்கா, பக்கத்து ஊரான மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என் வயதுதான், ஆனாலும் பட்டறைக்கே அக்கா. "சார், இம்புட்டு கெட்டி வேணாம். அடி வாங்குற சாமானுக்குக் கொஞ்சம் ஆட எடம் வேணும்ல?" என்றார். கடலையே பார்த்திராதவர் கப்பலுக்கு யோசனை சொல்கிறாரே என்று சிரித்துவிட்டேன்.

கடலுக்கடியில் குண்டு வெடித்தால் தண்ணீர் நசுங்கிக் கொடுக்காது; அடி அப்படியே கப்பலின் அடிப்பாகத்தில் இறங்கும். ஓட்டை விழாவிட்டாலும், உள்ளே மின்பெட்டியும் பம்பும் பெயர்ந்துவிட்டால் கப்பல் மிதக்கிற வெறும் இரும்புதான். கடற்படைக்காரர்கள் கடலில் குண்டு வைத்துப் பார்த்த முதல் சோதனையில், மிதவை மேல் எங்கள் கட்டைகளில் நின்ற மின்பெட்டி, வெடித்த கணமே போல்ட்டுகளின் தலை தெறித்துச் சாய்ந்தது. ரப்பரில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை; அடியைத் தான் வாங்காமல் அப்படியே மேலே கடத்தியிருந்தது. முதலாளியோ கலவைதான் கெட்டுப்போயிருக்கும் என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அளவு போட்டது நான். அவிய வேணாம்னுதான் சொன்னாவ." முதலாளி என்னை முறைத்தார். "அப்ப அவிய சொல்ற மாதிரியே செய்யுங்க. இதும் போச்சுன்னா ரெண்டு பேருமே வர வேண்டாம்."

அக்காவின் கலவையில் நகம் சுகமாக இறங்கியது. இரண்டாவது சோதனையில் தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழுந்து விழுந்தது. மின்பெட்டி குலுங்கியது, ஆடியது, பிறகு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் விளக்கு அணையவே இல்லை! கரையிலிருந்து பட்டறைக்குப் போன் போட்டு, "எரியுது! எரியுது!" என்று கத்தினேன். மறுமுனையில் ஒரே விசில், கூச்சல், நடுவில் முதலாளியின் சிரிப்பு. அக்கா போனை வாங்கி, "எம்புட்டு தூரத்துல வெடிச்சாவ, சார்?" என்று நிதானமாகக் கேட்டார். சொன்னேன்.

"இன்னும் கிட்டத்துல வெடிக்கச் சொல்லுங்க. நம்ம ரப்பரு தாங்கும்."