முரல் குத்திய காயம்

இராமநாதபுரத்தில் நான் எமர்ஜென்சி டாக்டராக இருந்தபோது, ஒரு முற்பகலில் காளியம்மாள் ஈரச் சேலையோடு வந்தார். மண்டபம் பக்கம் கடலில் பாசி எடுக்கிறவர். இடது மார்புக்குக் கீழே சிறிய காயம். ரத்தம் நின்றுவிட்டிருந்தது.

“டிடி ஊசி போட்டு விடுங்க சார், போறேன். எடுத்த பாசி கரையில கிடக்கு,” என்றார்.

கூட வந்த நாத்தனார்தான் நடந்ததைச் சொன்னார். “இடுப்பளவு தண்ணியில நின்னோம் சார். மீன்புடி போட்டு ஒண்ணு கிட்டக்க போச்சு. முரலு கூட்டமாத் துள்ளுச்சு. ஒண்ணு மதினி நெஞ்சுல பாஞ்சிருச்சு. அவுகளே புடுங்கி எறிஞ்சுட்டாக.”

முரல் மீனுக்கு மூக்கு ஊசிபோல நீண்டிருக்கும். தையல் போடப் படுக்க வைத்தோம். படுத்ததும், “மூச்சு முட்டுது,” என்று எழுந்துகொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பிபி எண்பது. வெளியே ரத்தமே போகவில்லை, பிறகு ஏன் இறங்குகிறது?

நுரையீரலில் காற்று கசிந்திருக்கும் என்று நினைத்து, கட்டிலருகே இருந்த ஸ்கேன் மெஷினை இழுத்தேன். நுரையீரல் நன்றாகவே அசைந்தது. நெஞ்சில் வைத்திருந்த ஸ்கேன் புரோபை இதயத்தின் பக்கம் திருப்பினேன்.

இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ரத்தம். அது நெருக்கியதில் இதயம் விரிய முடியாமல் திணறியது. அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு கோடு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது.

“என்ன சார் அது?” ஸ்டாஃப் நர்ஸ் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“மீனோட மூக்கு. ஒடிஞ்சு உள்ளயே நிக்குது.” சொன்ன எனக்கே நம்ப முடியவில்லை. புத்தகப் படத்தில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அவரைச் சாய்த்து உட்கார வைத்து, திரையைப் பார்த்தபடியே, அந்தக் கோட்டில் படாமல் ஊசியை இறக்கினேன். சிரிஞ்சில் ரத்தம் ஏறியது. சில தடவை இழுத்ததும் பிபி ஏறத் தொடங்கியது. காளியம்மாள் கண்ணைத் திறந்து, “பாசிய யாராச்சும் எடுத்து வச்சாகளா?” என்றார். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ரத்தம் வடியக் குழாய் வைத்து, மதுரைக்கு ஆம்புலன்சில் நானும் போனேன். அங்கே நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள். சர்ஜன் ட்ரேயை நீட்டினார். தீக்குச்சி நீளத்துக்கு மூக்கு, அதில் பொடிப் பற்கள்.

பிழைத்துக்கொண்டார். செக்கப்புக்கு வந்தபோது, அன்று பதிந்து வைத்திருந்த ஸ்கேன் படத்தைப் போட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். “அன்னைக்கே இதக் காட்டியிருந்தீகன்னா பயத்துலயே செத்திருப்பேன் சார்.”

புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். நெஞ்சில் எது குத்தியிருந்தாலும், தையல் ஊசிக்கு முன்னால் புரோபைக் கையில் எடுங்கள். திரையில் நம்ப முடியாதது தெரிந்தாலும் நம்பி வேலையைப் பாருங்கள். அதிர்ச்சி அடையப் பிறகு நேரம் கிடைக்கும். எனக்கு மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் அது வந்தது. டிக்கெட்டை வாங்கக்கூட விரல் மடங்கவில்லை.