பசு தின்ற மருந்து

மாரியம்மன் கோயில் வாசலில்தான் முதலில் விழுந்தேன். கால் எதிலும் தடுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் மரத்துப் போயிருந்தது. எங்கள் மூத்த ஏஜெண்டு முத்தையா அண்ணன்தான் தூக்கி நிறுத்தினார்.

“ஏப்பா, பட்டப்பகல்லயே குடிச்சிருக்கியாங்கிறேன்?”

சைகோனில் வட்டிக்கடை நடத்தும் செட்டிநாட்டு ஆட்கள் நாங்கள். கிட்டங்கியில் (கடையும் வீடுமான நீளக் கூடம்) ஒன்றாகத் தூங்கி, ஒரே பந்தியில் உண்பவர்கள். இங்கே ஒருவன் தும்மினால் அடுத்த கப்பலில் காரைக்குடிக்குச் செய்தி போய்விடும். அதனால் யாரிடமும் சொல்லாமல் கன்னியர் மடத்து மருந்தகத்துக்குப் போனேன்.

காரைக்காலிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. பெரிபெரி (கால் மரத்து வீங்கி, கடைசியில் இதயத்தைத் தாக்கும் நோய்) என்றார்.

“ரொம்பத் தீட்டின அரிசியா சாப்பிடுறீங்க, செட்டியாரே?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பக்கத்து ஊரான சோலோனின் அரிசி ஆலைக்காரர் எங்களுக்கென்றே மல்லிகைப்பூ மாதிரி அரிசி அனுப்புவார்.

அறைச் சுவர் முழுக்கப் பீங்கான் ஜாடிகள். பின்னால் மூலிகைத் தோட்டம். ஐரோப்பாவில் ஆஸ்பத்திரிகள் பெருகும் முன்பே மடங்களில் இப்படித் தோட்டமும் மருந்தறையும் இருந்தனவாம். பேசிக்கொண்டே ஜாடிகளையெல்லாம் தாண்டிப் போய், மூலையிலிருந்த சாக்கைத் திறந்தார். தவிடு!

“அரிசியைத் தீட்டும்போது போயிடுற இந்தத் தவிட்டுலதான் மருந்து இருக்கு. ஜாவாத் தீவுல கோழிக்குப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சது. தினம் கஞ்சில கலந்து குடிங்க. நெஞ்சுக்கு ஏறிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் கொடுத்த தவிட்டுப் பையோடு கிட்டங்கிக்குள் நுழைந்ததும் சமையல்காரர், “மாட்டுக்கா வாங்கியாந்தீக?” என்றார். பாலுக்காக ஒரு பசு வைத்திருந்தோம். பந்தியில் அத்தனை பேர் பார்க்க மாட்டுத் தீனி தின்பதா? “ஆமா” என்று சொல்லிவிட்டேன். மானங்கெட்ட வாய்!

வாரக்கணக்கில் என் மருந்தைப் பசு தின்றது. அது மினுமினுத்தது, நான் வீங்கினேன். மடத்தில் கேட்டபோதெல்லாம், “குடிக்கிறேன்மா” என்றேன். ஏன் குணமாகவில்லை என்று புரியாமல் அந்த அம்மா எனக்காக ஜெபம் செய்தார். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஒருநாள் பந்தியில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. மூச்சு முட்டியது. சாவு பயத்தில் வெட்கமெல்லாம் பறந்துவிட்டது.

“அண்ணே, அந்தத் தவிடு மாட்டுக்கில்ல. என் காலுக்கு மருந்து” என்று அழுதேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். முத்தையா அண்ணன் வேட்டியை முழங்கால்வரை தூக்கித் தன் காலை அழுத்தினார். குழி விழுந்தது. பக்கத்திலிருந்தவரும் வேட்டியைத் தூக்கினார்.

“எனக்கும் சேத்துக் கஞ்சி வைக்கச் சொல்லப்பா” என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரே உலையில் வடித்த சோறு. என் கால் மட்டும்தான் வீங்கும் என்று எப்படி நினைத்தேன்?

தவிட்டுக் கஞ்சி குடித்து இப்போது மூவரும் நடக்கிறோம். கால் மரத்தவர்கள் யாராயினும் தயவுசெய்து ஒளிக்காதீர்கள். காலையில் பாதத்தைத் தரையில் ஊன்றி, குளிர் தெரிகிறதா என்று பார்த்த பிறகே எனக்கு நாள் தொடங்குகிறது. குளிர் தெரிந்ததும் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்த நாட்களில் வேட்டிக்குள் வீங்கிக்கொண்டிருந்த அவர்கள் இருவரின் கால்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.